சோக்கை எடுக்கும் நேரம்

2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் பழைய கார்புரேட்டர் கிடையாது. அதனோடு சேர்ந்து சோக் என்கிற சிறு லீவரும் விடைபெற்றுக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்புகிறது. வெளியே பனியா வெயிலா என்பது ஓட்டுபவரின் கவலை அல்ல. அதை எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு வெப்ப உணரி பார்த்துக்கொள்கிறது. இதில் வருத்தப்பட ஏதுமில்லை. ஆனாலும் சோக் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சேர்வராயன் மலையின் மாரமங்கலத்தில், மார்கழி இருட்டில், வண்டியருகே குனிந்து நிற்கும் என் பெரியப்பாவின் உருவம் எனக்குள் எழுவதுண்டு.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வருபவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மலை அதோடு முடிந்துவிடுவதில்லை. ஊரைத் தாண்டியும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மடிப்பு மடிப்பாகக் கிடக்கின்றன. மாரமங்கலம் அந்தப் பக்கத்து ஊர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார் என்பது வரலாறு. சில்வர் ஓக் நிழலில் காப்பி, அதே மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, வேலியோரம் பலா என்று இன்றும் தோட்டங்கள் தொடர்கின்றன. டிசம்பரும் ஜனவரியும் காப்பிப்பழம் பறிக்கும் மாதங்கள். பனி கொட்டுவதும் அப்போதுதான். ஆக, வண்டி மிகவும் தேவைப்படும் மாதங்களும் அது கிளம்பத் தயங்கும் மாதங்களும் ஒன்றாகவே இருந்தன.

பெரியப்பாவிடம் இருந்தது 350 சிசி புல்லட். 1955இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா தொழிற்சாலையின் வண்டி. வார்ப்பிரும்பு எஞ்சின், வலதுபக்கம் கியர், வலதுபக்கமே உதை. பொத்தான் கிடையாது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த மிக்கார்ப் கார்புரேட்டர். அதன் பக்கவாட்டில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு லீவர். அதுதான் சோக்.

குளிரில் எஞ்சின் ஏன் கிளம்ப மறுக்கிறது? பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) இருந்தால் முழுமையாக எரிந்துவிடும். இரவெல்லாம் பனியில் நின்ற எஞ்சினிலோ பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் குளிர்ந்த குழாய்ச் சுவர்களில் வியர்வைபோல் படிந்துவிடும். பிளக்கில் தீப்பொறி வரும். பற்றிக்கொள்ளப் போதிய ஆவி இராது. ஆகவே, பத்தில் இரண்டாவது ஆவியாகட்டும் என்று, தேவைக்கு மேல் பெட்ரோலை அனுப்ப வேண்டியிருக்கிறது. சோக்கின் வேலை அதுதான்.

சோக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குரல்வளையை நெரிப்பது என்று பொருள். பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில் காற்று நுழையும் வாயை ஒரு தகடு மூடிக்கொள்ளும். காற்றுக் குறைய, உறிஞ்சுவிசை கூடிப் பெட்ரோல் அதிகம் வரும். பெயர் அப்படி வந்தது. மிகுனி வகையில் காற்று மறிக்கப்படுவதில்லை. பெட்ரோலுக்கு இன்னொரு சிறு வழி திறக்கிறது. பெயர்தான் மூச்சை அடைப்பது; நடப்பது கூடுதலாக ஊட்டுவது. இந்த வகையில் ஒரு நுட்பமும் உண்டு. அந்தச் சிறு வழியில் பெட்ரோல் ஏறுவதற்கு, ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது எஞ்சின் பக்கம் உண்டாகும் உறிஞ்சுவிசை வேண்டும். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே உதைத்தால் அவ்விசை தளர்ந்து, சோக் போட்டும் போடாததுபோல் ஆகிவிடும். அவசரப்படுபவனுக்கு அந்த வண்டி கிளம்பாது என்று பெரியப்பா சொல்வார். அது தத்துவம் அல்ல, இயந்திரவியல் என்பதை நான் வெகுகாலம் கழித்தே தெரிந்துகொண்டேன்.

அவரிடம் ஒரு வரிசை இருந்தது. பெட்ரோல் டேப்பைத் திறப்பார். சோக்கைப் போடுவார். சாவி போடாமல், டீகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்குமுறை மெதுவாக மிதிப்பார். உள்ளே கொஞ்சம் பெட்ரோல் போய்ச் சேரும். பிறகு சாவி. ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே வர, முள் நடுவுக்குத் திரும்பும் ஒரு புள்ளி உண்டு. பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டதற்கு அது அடையாளம். டீகம்ப்ரெஷனைப் பிடித்து அதை ஒரு மயிரிழை தாண்டவைத்து, கிக்கரை மேலே வரவிட்டு, உடல் எடை முழுவதையும் இறக்கி ஒரே உதை. உச்சியைத் தாண்டவைக்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி வாரக்கணக்கில் நொண்ட நேரிடும்.

மலைக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சேலத்து மெக்கானிக் கீழே வைத்துக்கொடுத்த கார்புரேட்டர் அளவு மேலே வந்ததும் தானாகவே பெட்ரோல் மிகுந்த கலவையாகிவிடும். ஆகவே இங்கே குளிருக்குச் சோக் வேண்டும். உயரத்துக்கு அது சீக்கிரமே மிகையாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மிகச் சிறியது. தவறினால் பிளக் நனைந்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து உதைத்து உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும். கால்மணி நேரம் போய்விடும்.

1997 டிசம்பரில் ஓர் இரவு அந்தக் கால்மணி நேரம் எங்களிடம் இல்லை. பெரியம்மாவுக்கு நெடுநாளாக இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் கூடும். அன்று விடியற்காலை நான்கு மணிக்கு அது கட்டுக்கடங்காமல் போயிற்று. திண்ணையில் முன்னால் குனிந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த ஒரே ஜீப் காப்பி மூட்டைகளோடு சேலம் போயிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா டேப்பைத் திறந்தார். சோக்கைப் போட்டார். மூன்று முறை மிதித்தார். முள்ளைப் பார்த்தார். எந்த ஒன்றையும் அவர் விடவில்லை, எதையும் விரைவுபடுத்தவுமில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், "சரிவுல தள்ளிவிட்றலாங்களா?" என்று கேட்டார். "இருப்பா, வந்துரும்" என்றார் பெரியப்பா. இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை யோசிக்கவைக்கிறது. அவர் உடனே ஏறிக் கிளம்பவில்லை. தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கலாம். பின்னால் பெரியம்மாவின் மூச்சு சீட்டியடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் முதலில் சீராக அடித்தது, பிறகு கனத்து, தொண்டையில் சளி கட்டியதுபோல் மூக்கடைத்துப் பேச ஆரம்பித்தது. அந்த மாற்றம் கேட்டவுடன் சோக்கைப் பாதி எடுத்தார். மறுபடி கேட்டார். முழுவதும் எடுத்தார். அதற்குப் பிறகே பெரியம்மாவை நடுவில் உட்காரவைத்து, போர்வையால் அவரைத் தன்னோடு சேர்த்துக் கட்டச்சொன்னார். பின்னால் நான். ஏற்காட்டு மருத்துவமனைவரை வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. அங்கே மருந்து ஆவியைப் பிடிக்கவைத்தார்கள். விடிந்தபோது பெரியம்மா காப்பி கேட்டார். அதன்பின் பல ஆண்டுகள் இருந்தார்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பின்னர் அவரிடம் கேட்டிருக்கிறேன். "சோக்கோட போயிருந்தா பாதி வழியில பிளக் அடைச்சு நின்னிருக்கும். முன்னாடியே எடுத்திருந்தா முதல் மேட்டுல அணைஞ்சிருக்கும். ரெண்டும் அவளுக்குத்தான் கெடுதல்" என்றார். சோக்கைப் போடுவதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அதை எப்போது எடுப்பது என்பதே அறிவு. தொடக்கத்தில் உயிர்தரும் அதே மிகுதி, சூடேறியபின் மூச்சை அடைத்துவிடுகிறது. எந்த நொடியில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதைக் கேட்டுத்தான் அறியமுடியும்; அதிலும் பதற்றத்தின் நடுவே கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பிலும், நோயாளிக்குத் துணையிருப்பதிலும், ஏன், எழுதக் கற்றுக்கொடுப்பதிலும்கூட இதே நொடி உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலர் கொடுப்பதில் குறைவைப்பதில்லை. நிறுத்த வேண்டிய இடம்தான் கேட்பதில்லை.

இவ்வளவும் பழையதைப் போற்றுவதற்காகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் தொடங்கியது. இளைப்பால் தவிக்கும் ஒரு பெண்ணின் உயிர், ஒரு கிழவரின் காதுக் கூர்மையை நம்பி இருப்பதைவிட, ஓர் அவசர ஊர்தியையும் உணரியையும் நம்பி இருப்பதே நல்லது. பெரியப்பாவே இதை மறுக்கமாட்டார். அவருக்கு இப்போது காது மந்தம். புல்லட்டை விற்றுவிடச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று. அவர் விற்கவில்லை. வாரம் ஒருமுறை பேரனை உதைக்கச் சொல்லிவிட்டுத் தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து நிற்கிறார். ஒலி கேட்காவிட்டாலும் அதிர்வு தெரிகிறதாம். சரியான நொடியில் விரலை அசைக்கிறார். பேரன் சோக்கை எடுக்கிறான்.