இரண்டு சாட்சிகள்

விருத்தாசலம் என்றதும் சிலருக்கு மணிமுத்தாறும் பழமலைநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். வேறு சிலருக்குப் பீங்கான். பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் பல சூளைகளும் உள்ள அவ்வூருக்கு நாம் சென்றது ஒரு பள்ளிவாசலுக்காக. அது விருத்தாசலத்துப் பள்ளிவாசலன்று. நம் ஊரில் இருந்தது. இன்று அங்கும் இல்லை.

நம் ஊர்ப் பழைய பள்ளி சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டது. தொழ வருவோருக்கு இடம் போதவில்லை என்று ஜமாஅத் கூடி, அதை இடித்துப் புதியது கட்ட முடிவெடுத்தது. அக்கூட்டத்தில் நாமும் கை உயர்த்தினோம். ஆகவே பிறரைக் குறை சொல்லும் உரிமை நமக்கில்லை. இடித்த பிறகுதான், அதன் உருவத்தைச் சிறிய பீங்கான் வடிவிலேனும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய புகைப்படங்களைத் திரட்டினோம். 23 படங்கள் கிடைத்தன.

புகைப்படத்தைக் கொண்டு கட்டடத்தை அளக்கும் கலை புதிதன்று. 1858ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்துத் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளைஞர், உயரத்திலிருந்து விழ இருந்து உயிர் தப்பினார். மனிதன் ஏறி அளப்பதைப் புகைப்படத்தில் அளந்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதன் பயனாக 1885இல் பெர்லினில் இதற்கென்றே அரசு நிலையம் ஒன்று தோன்றியது. அங்கே சேர்த்து வைத்த படங்கள், பிற்காலத்தில் போரில் சிதைந்த கட்டடங்களைச் செப்பனிடவும் துணை நின்றன.

இதன் அடிப்படை எளியது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகளால் விளக்கியவர் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம். ஒரு படத்தில் மினாராவின் நுனி தெரிந்தால், அது இருக்கும் திசையை மட்டுமே அறியலாம். தொலைவை அறிய இயலாது. வேறோர் இடத்திலிருந்து எடுத்த படத்திலும் அதே நுனி தெரிந்தால், இரு நேர்கோடுகளும் சந்திக்கும் புள்ளியே அதன் இருப்பிடம். இன்றைய கணினி இவ்வாறு பல்லாயிரம் புள்ளிகளைத் தேடிப் பொருத்தி உருவத்தை எழுப்புகிறது. கடனை எழுதி இரு சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

நம் மருமகன் அந்த 23 படங்களையும் கணினியில் ஏற்றினார். உருவம் எழவில்லை. காரணம் பார்த்தபோது நமக்கே வெட்கமாயிற்று. 19 படங்கள் முன்வாசலில் எடுத்தவை: மாப்பிள்ளை ஊர்வலம், ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர், பெருநாள் தழுவல். எடுத்தவர் அனைவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள். ஒரே இடத்தில் நின்று பார்த்த 19 சாட்சிகளும் ஒரு சாட்சிக்கே சமம். 3 படங்களில் ஹவுள் தெரிந்தது, ஒன்றில் மிஹ்ராப். கிப்லாச் சுவரின் வெளிப்புறம் ஒன்றில்கூட இல்லை.

பிறகு கையால் கோடிழுத்தோம். பழைய முன்வாசற் கதவு மட்டும் புதிய பள்ளியின் சாமான் அறையில் சாய்ந்து கிடந்தது. அதன் உயரம் 7 அடி 2 அங்குலம். படத்தில் தெரியும் கதவை அளவுகோலாகக் கொண்டு, முகப்பையும் மினாராக்களையும் கணக்கிட்டோம். அக்கணக்கின்படி செய்த மாதிரியை எடுத்துக்கொண்டுதான் விருத்தாசலம் சென்றோம்.

அங்கே பட்டறைப் பெரியவர் ஒருவர் முதலில் நம் அளவைத் திருத்தினார். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அவர் மண்ணுக்கு 100க்கு 12. ஆகவே 30 சென்டிமீட்டர் பள்ளி வேண்டுமானால் மாதிரி 34 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, மண்குழம்பை ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். மினாராக்களைத் தனியே வார்த்து ஒட்ட வேண்டும்.

பின்புறத்தைத் திருப்பிப் பார்த்த பெரியவர், “இங்க மொட்டையா இருக்கே பாய். ரெண்டு ஜன்னல் வச்சுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

நாம் இணங்கவே இருந்தோம். நம் நினைவிலும் இரண்டு சன்னல்களே இருந்தன. ஆயினும் மனம் கேளாமல் ஊரில் இருந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். “மூன்று” என்றார், சற்றும் தயங்காமல். ஐம்பது ஆண்டுகள் அச்சுவருக்கு இப்பக்கம் நின்று தொழுத இருவர்! பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது பொய்ச் சாட்சியன்றோ? பின்சுவரை வெறுமையாகவே விடச் சொன்னோம்.

இன்று அப்பீங்கான் பள்ளி மதரஸாவில் இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி வந்து, பின்னால் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்கிறார்கள். அங்கே நின்று எவரும் படம் எடுக்கவில்லை என்கிறோம்.

உங்கள் ஊரிலும் பழைய பள்ளியோ தைக்காவோ இருக்கக்கூடும். இன்று அஸர் தொழுததும் கைப்பேசியோடு அதை ஒருமுறை சுற்றி வாருங்கள். இரண்டடிக்கு ஒரு படம்; ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் பாதிக்கு மேல் தெரியட்டும். கதவின் உயரத்தை நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். மறவாமல் பின்புறமும் செல்லுங்கள்.