காய்ச்சலுக்குக் கட்டம் இல்லை

சதுரங்கம் மூளையின் விளையாட்டு, உடம்புக்கு அதில் வேலையில்லை என்று சொல்வார்கள். காய்ச்சலோடு ஒரு சுற்று ஆடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மிர் சுல்தான் கானை எடுத்துக்கொள்வோம். பஞ்சாப்காரர். உமர் ஹயாத் கான் என்ற பெருநிலக்கிழார் 1929இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபாபிளாங்காவையே தோற்கடித்தார். அங்கே மலேரியாவும் சளியும் தொண்டை வலியும் அவரை விடவில்லை. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து ஆடினார். அவர் தலித் அல்லர். அவரை வேலைக்காரர் என்று எழுதியதைக் குடும்பத்தாரும் மறுக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது வேறு: அட்டவணையில் புள்ளிக்குக் கட்டம் உண்டு, காய்ச்சலுக்கு இல்லை.

உடம்புக்காகப் போட்டி நின்றதே இல்லையா? நின்றிருக்கிறது. கார்போவ், காஸ்பரோவ் மோதிய உலகப் பட்டப் போட்டியை 48 ஆட்டங்களுக்குப் பிறகு, 1985 பிப்ரவரியில், ஆட்டக்காரர்களின் சோர்வைக் காரணம் காட்டி ஃபிடே தலைவரே நிறுத்தினார். உச்சியில் இருப்பவர்களின் சோர்வு சோர்வாகவே பார்க்கப்படுகிறது. எங்கள் பிள்ளைகளின் சோர்வுக்கு வேறு பெயர் வைக்கிறார்கள்.

எங்கள் காலனி மாலை வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போட்டிக்கு வந்திருந்தாள். இரண்டு பேருந்து மாறி, காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வந்தவள். மூன்றாவது சுற்றில் உடம்பு அனலாகக் கொதித்தது. பெற்றோரோ நாங்களோ அரங்குக்குள் போகக் கூடாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அவள் மேசையில் தலை சாய்ப்பதைப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற ஒருவர், "ஸ்டாமினா எல்லாம் வீட்டுச் சாப்பாட்டுல வரணும் சார்" என்றார். நாங்கள் குரல் கொடுத்த பிறகுதான் நடுவர் போய்ப் பார்த்தார். ஆட்டம் போனது. அரசு மருத்துவமனையில் பார்த்தபோது 103 டிகிரி.

நடுவரின் உதவி தேவைப்பட்டால் ஆட்டக்காரர் கடிகாரத்தை நிறுத்தலாம். இது ஃபிடே விதி. அவளுக்கும் தெரியும், வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஏம்மா நிறுத்தலை என்று கேட்டோம். "தோக்கப் போறேன், அதான் சாக்கு சொல்றேன்னு நினைப்பாங்கக்கா" என்றாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தப் பயத்தைச் சதுரங்கமா கற்றுக் கொடுத்தது? வகுப்பில் தண்ணீர் குடிக்கக் கேட்டாலும் வயிற்றுவலி என்றாலும் "உங்களுக்கெல்லாம் இதே வேலை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பயம் அது. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது. கை நீட்டிக் கடிகாரத்தை அழுத்தும் துணிச்சலையும் பறித்து வைத்திருக்கிறது இந்தச் சமூகம். பிறகு அட்டவணையைக் காட்டித் தகுதி பேசுகிறது.

போட்டி நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது மூன்றுதான். முதல் சுற்றுக்கு முன்பே அந்த விதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழில் உரக்கச் சொல்லுங்கள். முதலுதவிக்கு ஒருவரும் படுக்க ஓர் இடமும் வையுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுங்கள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே இவற்றை எழுதித் தரப்போகிறோம். உங்கள் ஊரில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் எழுதிக் கொடுங்கள்.