எத்தனை மணிக்குக் கிளம்பும்?

பாய்லர் சூட் போட்ட ஆள் கப்பலுக்கு ஏறும் படிப்பாலமான கேங்வேயில் ஏறினால் போதும், மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பயணிகளில் ஒருவராவது கேட்டுவிடுவார்: “எத்தனை மணிக்குக் கிளம்பும்?” ராயபுரத்திலிருந்து சைக்கிளிலும் பிறகு பைக்கிலும் துறைமுகத்துக்குப் போய் முப்பத்தைந்து வருடம் கப்பல் என்ஜின் வேலை பார்த்தவன் நான். ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக முடித்தேன். பிஸ்டன் இழுப்பது, பேரிங் மாற்றுவது, ஷாஃப்ட் நேர் பார்ப்பது எல்லாம் நான்கைந்து வருடத்தில் கைக்கு வந்துவிட்டன. இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள இருபது வருடம் ஆனது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ஜின் அந்நியமில்லை. எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்ட், காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் சின்னச் சின்ன லேத் பட்டறைகள், காசிமேட்டில் விசைப்படகுகள். தெருவுக்கு நான்கு பேராவது ஸ்பேனர் பிடித்தவர்கள். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லும் பெரியவர்களிடம்தான் நான் தொழில் பழகினேன். அவர்கள் சொல்லித்தராத ஒன்று உண்டு. விசைப்படகு நின்றால் எட்டுப் பேருடைய ஒரு நாள் பாடு கெடும். ஆயிரம் பேர் ஏறிய கப்பல் நின்றால் ஆயிரம் வீட்டின் நாட்காட்டி கலையும்.

சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் கிட்டத்தட்ட அறுபது மணி நேரம். அந்தக் கப்பலில் போகிறவர்களில் சுற்றுலாக்காரர்கள் குறைவு. இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தாலிக்குத் தங்கம் வாங்கிக்கொண்டு போகும் குடும்பங்கள். விமான டிக்கெட்டுக்குக் கையில் காசில்லாதவர்களே பெரும்பாலும். டிக்கெட் தேதியை வைத்துத்தான் லாட்ஜைக் காலி செய்வார்கள், கையிருப்பையும் அதற்கேற்பத்தான் செலவழிப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள். தீவுக்குக் கிளம்பிய பயணிகள் கப்பல் ஒன்று நான்கு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. இரண்டு என்ஜின், இரண்டு ஷாஃப்ட். ஒரு என்ஜினில் ஆயில் மிஸ்ட் அலாரம் அடித்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு பேரிங் சூடேறி எண்ணெய் ஆவியாகிறது என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு கிராங்க் கேஸ் கதவைத் திறந்தால் காற்று புகுந்து வெடிக்கும். செகண்ட் இன்ஜினியர் விவரம் தெரிந்தவர், நிறுத்திவிட்டு ஆறவிட்டிருந்தார். மற்ற என்ஜினில் ஓட்டி வந்து கட்டிவிட்டார்கள். இரவு ஒரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். நான்காவது யூனிட்டுக்குக் கீழே, எண்ணெயில் வெள்ளிச் செதில் மாதிரி மின்னியது. பாட்டம் எண்ட் பேரிங்கின் ஒயிட் மெட்டல் உருகி வழிந்திருக்கிறது. மாற்று பேரிங் கப்பலிலேயே இருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: கழற்ற மூன்று மணி நேரம், போட மூன்று மணி நேரம். விடியற்காலை டீ குடிக்க மேலே வந்தபோது ஒருவர் கேட்டார். போர்ட் பிளேர்க்காரர், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஏழெட்டு வயது மகளுக்கு இங்கே இதய ஆபரேஷன் முடித்துக் கூட்டிப்போகிறார். பிள்ளை பங்க் படுக்கையில் படுத்திருந்தது. “மதியத்துக்குள்ள கிளம்பிடும்ணே” என்றேன். என் வாயிலிருந்து வந்த சொல் அது, யாரும் சொல்லச் சொல்லவில்லை.

பேரிங்கைக் கழற்றிய பிறகுதான் விஷயம் விளங்கியது. பேரிங் கவ்வியிருக்கும் கிராங்க் பின்னில் விரல் நகத்தை ஓட்டினால் கோடு தட்டியது. சூடேறிய பின்னில் வெடிப்பு இருக்கிறதா என்று, கப்பலைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் சர்வேயர் பார்க்காமல் மூட முடியாது. அதோடு, உருகிய உலோகத் துகள் எண்ணெயோடு சேர்ந்து மற்ற பேரிங்குகளுக்கும் போயிருக்கும். எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும், எண்ணெய் வழி முழுவதையும் கழுவ வேண்டும், புது எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆறு மணி நேரம் என்று நான் எண்ணியது மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஸ்பீக்கரில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே அறிவிப்பு: இன்னும் ஆறு மணி நேரத்தில் கப்பல் புறப்படும்.

இரண்டாம் நாள் இரவு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அப்பா தோளில் போட்டுக்கொண்டு கேங்வேயில் இறங்கினார். கீழே நான் நின்றிருந்தேன். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “மூணு நாளாகும்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா வியாசர்பாடில எங்க அக்கா வீட்டுக்குப் போயிருப்பேனே தம்பி” என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிள்ளை தேறி, அடுத்த கப்பலில் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகுதான் நேரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். கப்பல் பழுதில் ஸ்பேனர் சுற்றும் நேரம் சொற்பம். மாற்றுப் பொருளுக்குக் காத்திருப்பது, சுங்கத்தில் காத்திருப்பது, சர்வேயருக்குக் காத்திருப்பது, துறையிலேயே ஓட்டிப் பார்ப்பது, பைலட்டுக்கும் இழுவைக் கப்பலுக்கும் காத்திருப்பது, இவைதான் நாளைத் தின்கின்றன. நாங்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள் எங்கள் கை வேலையை மட்டும் எண்ணி நேரம் சொல்லிவிடுகிறோம். மேலே இருப்பவர்களுக்கும் சின்ன எண்தான் பிடிக்கும். அந்தச் சின்ன எண் ஸ்பீக்கரில் ஏறும்போது வாக்குறுதியாகிவிடுகிறது.

பயணிகள் கேட்கும் இன்னொரு கேள்வி நியாயமானது: “ஒரு என்ஜின்தான் நல்லா இருக்கே, அதுல போகக்கூடாதா?” போகலாம். பாதி பலம் என்றால் பாதி வேகம் என்று நினைப்பார்கள், அப்படியில்லை. வேகம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் பலம் சுமார் எட்டு மடங்கு வேண்டும். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், பாதி பலத்திலும் முக்கால் வேகத்துக்கு மேல் கிடைக்கும். சும்மா நிற்கும் புரொப்பெல்லர் தண்ணீரை மறிப்பதால் கொஞ்சம் குறையும். அறுபது மணி நேரம் எண்பது ஆகலாம். அமைதியான மார்ச் மாதக் கடலில் அதைச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் நிற்கும்போது, மீதியிருக்கும் ஒற்றை என்ஜினும் நின்றால் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பி உருளத் தொடங்கும். வேண்டாம் என்று சொல்லும் கேப்டனை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

உல்லாசக் கப்பல்காரர்கள் இந்தக் கணக்கை வேறுமாதிரி பயன்படுத்துகிறார்கள். வேகம் குறைந்தால் வழியில் ஒரு ஊரை வெட்டிவிடுவார்கள். 2006 ஜனவரியில் குயின் மேரி 2 ஃபுளோரிடாவில் துறைமுகக் கால்வாயின் கரையில் உரசி, அதன் நான்கு பாட்களில் ஒன்று கெட்டது. பாட் என்றால், மின் மோட்டாரையும் புரொப்பெல்லரையும் ஒரே கூட்டில் வைத்துக் கப்பலின் அடியில் தொங்கவிடுவது. நீண்ட ஷாஃப்ட் வேண்டாம், சில பாட்களைச் சுற்றித் திருப்பவும் முடியும் என்பதால் சுக்கானும் வேண்டாம். அருமையான யோசனைதான். ஆனால் அதன் பேரிங் கெட்டால் பெரும்பாலும் என்னைப் போன்றவன் டார்ச்சோடு இறங்கிப் பார்க்க இடமில்லை, கப்பலையே தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். அவ்வளவு பெரிய உலர்துறைகள் உலகத்தில் கொஞ்சம்தான். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் 310 மீட்டர் நீள உலர்துறை திறந்ததே 2024 ஜனவரியில்தான், குயின் மேரி 2 அதற்குள்ளும் அடங்காது. அன்று அந்தக் கப்பல் மூன்று பாட்களோடு, வழியில் போகவேண்டிய துறைமுகங்களை விட்டுவிட்டு நேரே ரியோவுக்குப் போனது. இறங்கமாட்டோம் என்று பயணிகள் போர்க்கொடி தூக்கினார்கள். முதலில் பாதிப் பணம் தருகிறோம் என்ற நிறுவனம் பிறகு முழுப் பணமும் தந்தது.

நின்றுபோவதற்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரயம்ஃப் மெக்சிகோ வளைகுடாவில் நான்கு நாள் தத்தளித்தது, எரிபொருள் திரும்பும் குழாயில் இருந்த ஒரு நெகிழ்குழாய் கசிந்து தீப்பிடித்ததால். 2019 மார்ச் 23 அன்று நார்வே கடலில் வைக்கிங் ஸ்கை புயலுக்கு நடுவே மொத்தமாக இருண்டது. நான்கு ஜெனரேட்டரில் ஒன்று ஏற்கெனவே பழுதில் இருந்தது. மற்ற மூன்றும் நின்றதற்குக் காரணம் லூப் ஆயில் மட்டம். தயாரிப்பாளர் சொன்ன அளவு தொட்டியில் 68 முதல் 75 சதவீதம், அங்கே இருந்தது 28 முதல் 40 சதவீதம். கப்பல் உருண்டபோது பம்ப்புக்கு எண்ணெய் எட்டவில்லை. 1,373 பேர் இருந்த கப்பல் பாறையிலிருந்து ஒரு கப்பல் நீளத்துக்குள் வந்து தப்பியது. 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். டிப்ஸ்டிக் பார்ப்பது என் தொழிலில் முதல் நாள் பாடம். அந்த விசாரணை விவரத்தை முதலில் வாசித்தபோது எழுந்துபோய் என் பைக்கின் ஆயிலைப் பார்த்தேன், கை தானாகப் போனது.

காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. 2012 பிப்ரவரி 27, நம் இந்தியப் பெருங்கடலிலேயே, செஷல்ஸ் பக்கம், கோஸ்டா அலெக்ரா என்ற உல்லாசக் கப்பலில் ஜெனரேட்டர் அறையில் தீ. அணைத்துவிட்டார்கள், ஆனால் மின்சாரமில்லை, ஆயிரத்துச் சொச்சம் பேர் தளத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். முதலில் வந்து கயிறு போட்டது ட்ரெவிஞோன் என்ற பிரெஞ்சு சூரைமீன் படகு. அதுவே இழுத்து மாஹே துறைமுகத்தில் சேர்த்தது. என்ஜின் நின்ற படகை இன்னொரு படகு தன் மீன்பாட்டை விட்டுவிட்டு இழுத்து வருவது எங்கள் கரையில் எல்லோரும் அறிந்த முறை. அந்தச் செய்தியைப் படித்தபோது அந்த மீனவர்களை நேரில் தெரிந்த மாதிரி இருந்தது. 2010 ஜூலைக்குப் பிறகு கட்டும் பெரிய பயணிகள் கப்பல்களில், ஒரு அறை எரிந்தாலும் தன் பலத்திலேயே கரைசேரும்படி எந்திரங்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனாலும் அது கரைசேர்க்கும், தேதியைக் காப்பாற்றாது.

2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். என் மனது இன்னும் தீவுக் கப்பல் பக்கம்தான் சாய்கிறது. விடுமுறை கெட்டால் பணம் திரும்பும், வீட்டுக்குப் போகிறவனின் நாள் திரும்பாது. ஆனால் பத்து வருடம் சேர்த்து ஒருமுறை கப்பலேறுகிற குடும்பத்துக்கும் அந்த நாள்தான் நாள், அதையும் மறுக்கமாட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, வேறொரு பயணிகள் கப்பல், கிட்டத்தட்ட அதே பழுது. இந்தமுறை ஏறியவுடனே, பயணிகள் விஷயத்தைக் கவனிக்கும் பர்சரைப் போய்ப் பார்த்தேன். “சார், பின்னைக் கண்ணால பாக்குற வரைக்கும் நேரம் எதுவும் அறிவிக்காதீங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு நானே வந்து சொல்றேன்னு மட்டும் போடுங்க.” ஆறு மணிக்குப் போனேன். மூன்று நாள் என்றேன். ஏஜென்ட்டுக்கு முகம் சுருங்கியது, அரை நாள் குறைத்துச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். முடியாது என்றேன். அறிவித்தார்கள். தளத்தில் ஒரே கூச்சல், ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். ஒரு மணி நேரத்தில் கூச்சல் அடங்கி, மூட்டை கட்டத் தொடங்கினார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையன் நண்பர்களிடம் கடன் வாங்கி விமான டிக்கெட் போட்டான். சொந்தக்காரர் வீடு இருந்தவர்கள் ஆட்டோ பிடித்தார்கள். போக இடமில்லாதவர்களுக்குக் கப்பலிலேயே சாப்பாடும் படுக்கையும் தரச் சொல்லி சீஃப் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மதியம் என்ஜினை ஓட்டிப் பார்த்து, சர்வேயர் கையெழுத்துப் போட்டார். சொன்ன நேரத்துக்கு ஐந்து மணி நேரம் மிச்சம். கேங்வேயில் வரிசை ஏறிக்கொண்டிருந்தது, பெட்டி, பிள்ளை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றோடும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கீழே ஓரமாக நின்றேன். ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.