கம்பி துருப்பிடித்த வீடு

புரட்டாசி கடைசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், ரூம்ல மேல பூச்சு பெயர்ந்து விழுது. என்ன பூசலாம்?" ஓவர்சியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சேத்தூரில் மச்சு ஒழுகினால் பலருக்கு என் ஞாபகம் வந்துவிடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: என்ன பூசலாம்? ஏன் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊரில் ஓட்டு வீடு, கூரை வீடு, வசதியானவர்களுக்குக் கட்டைக்குத்து வீடு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைக் குத்தாக வைத்து, சுண்ணாம்பு போட்டு அடித்த தளம். அதில் இரும்புக் கம்பி கிடையாது. கட்டையைச் செல் அரிக்கும், ஆனால் துரு என்ற பேச்சே இல்லை. தாழையூத்தில் 1949-லேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. ராஜபாளையத்துப் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய கம்பெனியின் ஆலை 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் வந்தது. இருந்தாலும் நம் தெருக்களில் கான்கிரீட் வீடு சகஜமானது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும்தான். அந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது நாற்பது வயது. நமக்கு முழங்கால் வலிக்கிற மாதிரி அவற்றுக்கும் வலிக்கத் தொடங்கிவிட்டது.

என் அக்கா வீடும் அப்படிக் கட்டியதுதான், 1984-ல். அத்தான் வயலில் வந்த காசைச் சேர்த்து ஒவ்வொரு மூட்டையாகச் சிமெண்ட் வாங்கிக் கட்டினார். அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. அக்கா தனியாக இருக்கிறாள். மருமகன் கோயம்புத்தூரில். முன் அறையில் அத்தானின் கட்டிலுக்கு நேர் மேலே பூச்சு விழ ஆரம்பித்தபோது ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசினார்கள். பெயர் வேண்டாம். ஒரே நாளில் வேலையை முடித்து, பட்டி பார்த்து, வெள்ளையடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொடுத்தார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மறுபடி விழுந்தது. மறுபடி பூசினார்கள். இந்தத் தடவை கோழிவலையை ஆணியடித்து, அதற்கு மேல் இரண்டு அங்குலக் கனத்தில் பூச்சு. போன வருஷம் கார்த்திகையில் ஒரு மத்தியானம் வலையோடு சேர்ந்து முறம் அளவுக்கு ஒரு துண்டு கட்டிலில் விழுந்தது. அக்கா அப்போது பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலையணை இருந்த இடம் பள்ளமாகிவிட்டது.

மருமகன் அன்றைக்கு ராத்திரியே வந்துவிட்டான். "மாமா, இடிச்சிடலாம். இல்லேன்னா வித்துடலாம். அம்மா எங்ககூட வரட்டும்" என்றான். அக்கா ஒன்றும் பேசவில்லை. அவன் தூங்கப் போனபிறகு என்னிடம், "தம்பி, உங்க அத்தானை இந்த வாசல் வழியாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. நானும் இதே வாசல் வழியாத்தான் போகணும். இது நிக்குமா நிக்காதான்னு மட்டும் பாத்துச் சொல்லு. நிக்காதுன்னா நான் கிளம்பிடுறேன்" என்றாள். உத்தியோகத்தில் எத்தனையோ கட்டடத்தை அளந்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு பொறுப்பு என் தலையில் விழுந்ததில்லை.

சிமெண்ட் கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கிறவரை உள்ளே கிடக்கிற இரும்பு துருப்பிடிக்காது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். அது கம்பி வரைக்கும் போய்ச் சேர்ந்து, மழைத்தண்ணீரும் சேர்ந்துகொண்டால் துரு ஆரம்பம். துரு என்பது தேய்மானம் மட்டும் இல்லை, வீக்கமும்கூட. இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்குவரை துரு இடம் கேட்கும். இடம் இல்லாததால் அடியிலிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். நாம் பூச்சு விழுகிறது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ரோமாபுரியில் பாந்தியன் என்ற கோயிலின் கான்கிரீட் கவிகை ஏறக்குறைய 1900 வருஷமாக நிற்கிறதே என்று கேட்பார்கள். அதில் இரும்புக் கம்பியே இல்லை!

ஸ்லாப்பின் அடிப்பக்கம் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்கவேண்டும் என்பது இன்றைய இந்தியத் தர விதி. அந்தக் காலத்தில் கவர் பிளாக் என்ற சொல்லையே யார் கேட்டார்கள்? கம்பியைச் சென்ட்ரிங் தகட்டின் மேலேயே கிடத்தி, கான்கிரீட் போடும்போது கொக்கியால் தூக்கிவிட்டால் சரி என்பார்கள். அக்கா வீட்டில் சில இடத்தில் கம்பிக்குக் கீழே ஒரு ஐந்து பைசா நாணயக் கனம்தான் இருந்தது.

தைப் பொங்கல் கழித்து வேலையை ஆரம்பித்தோம். அடைமழையிலும் செய்யக்கூடாது, சித்திரை வெயிலிலும் செய்யக்கூடாது. எனக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவர் வந்தார். வந்ததும் கரண்டியை எடுத்தார். "கரண்டி கடைசி வாரம்தான். முதல்ல சுத்தியலை எடுங்க" என்றேன். முறைத்தார்.

முதலில் அறை முழுக்கச் சவுக்கு முட்டுக் கொடுத்தோம். பிறகு சின்னச் சுத்தியலால் மேலே ஒவ்வொரு சாணாகத் தட்டினோம். நல்ல இடம் 'டங்' என்று சொல்லும். விட்டுப்போன இடம் பானையைத் தட்டினாற்போல 'பொத்' என்னும். அக்கா ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு, பொத் என்ற இடத்துக்கெல்லாம் நான் கோடு போடச் சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதினாள். கண்ணுக்குத் தெரிந்த பழுது கட்டிலுக்கு மேலே மட்டும். காதுக்குத் தெரிந்தது அறையின் மூன்றில் ஒரு பங்கு!

பள்ளிக்கூட லேபில் இருக்குமே பினாப்தலீன், அதைக் கொஞ்சம் வாங்கிவந்து, புதிதாகக் கொத்தின கான்கிரீட்டில் தெளித்தேன். காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும். காரம் செத்த இடம் நிறம் மாறாது. அடிப்பக்கம் ஒரு அங்குலம்வரை நிறமே வரவில்லை, அதற்கு மேலே நல்ல ரோஸ். "மேல உசிரு இருக்கு" என்றாள் அக்கா. அதற்குமேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கொத்துவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தெரிகிற துருவைச் சுரண்டிவிட்டு அப்படியே பூசுவது ஒன்று. கம்பியின் அடிப்பக்கத்தை மட்டும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் முதுகுப் பக்கத் துரு அப்படியே இருக்கும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு, முக்கால் அங்குலமாவது, கொத்தி எடுக்கவேண்டும். நீளத்திலும் அப்படித்தான். துரு முடிகிற இடத்தில் நிறுத்தாமல் சுத்தமான கம்பி தெரிகிறவரை போகவேண்டும். இல்லாவிட்டால் புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பி பத்திரமாக இருக்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். அக்கா வீட்டில் இரண்டாம் தடவை விழுந்தது முதல் ஒட்டின் ஓரத்திலிருந்துதான். மின்சார உடைப்பான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலரை அங்குல ஸ்லாப் அந்த அதிர்ச்சியில் நல்ல இடத்திலும் விரிந்துவிடும். உளியும் சுத்தியலும் போதும். விளிம்பை வழித்துவிடாமல் நேராக வெட்டிக்கொள்ளவேண்டும். தோசை விளிம்பு மாதிரி மெல்லிசாகப் போகிற ஓரம் முதலில் பெயரும்.

கம்பிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அளந்தபோது எட்டு மில்லிக் கம்பி சில ஐந்தரை மில்லியாக இருந்தது. கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் நான் விடமாட்டேன். பக்கத்தில் புதுக் கம்பி, நல்ல கம்பியோடு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி சேர்த்துக் கட்டினோம். கம்பிக்குத் துரு தடுக்கும் பூச்சு அடித்தோம். கடையில் கிடைக்கிற சாதாரண ரெட் ஆக்சைடு பெயிண்ட்டைத் தடித்து அடிப்பவர்கள் உண்டு. அதன்மேல் சிமெண்ட் பிடிப்பதில்லை.

கொத்தனாருக்கும் எனக்கும் நடந்த பெரிய சண்டை கலவையில். "சிமெண்டைக் கூடப் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும் சார்." கிடையாது. சிமெண்ட் கூடினால் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரியும். ஒன்றுக்கு மூன்று போதும். எட்டிப் பார்த்தால் டிரம்மில் போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. கம்பிக்கு உப்பைவிடப் பெரிய எதிரி இல்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்பது விதி. பைப்பில் வந்த குடிதண்ணீரைப் பிடித்துவைத்து வேலை செய்தோம். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒட்டுவதற்கு ஒரு பால் விற்கிறார்கள், லேடெக்ஸ் என்று. நல்ல பொருள்தான். ஆனால் அதைக் காலையில் அடித்துவிட்டு டீ குடித்து வந்து பூசினால், அந்தப் பால் காய்ந்து பிளாஸ்டிக் தாளாகிவிடும். ஒட்டவைக்க வாங்கினதே ஒட்டவிடாமல் செய்யும். முந்தின நாளே கான்கிரீட்டை நனைத்து, மேலே தண்ணீர் மினுங்காமல் உள்ளே மட்டும் ஈரமாக இருக்கும்போது, பாலை அடித்து அது பிசுபிசுவென்று இருக்கும்போதே கலவையை அழுத்தவேண்டும். ஒரு தடவைக்கு அரை அங்குலம், சொரசொரப்பாக்கி விட்டு அடுத்தது. இரண்டு அங்குலத்தை ஒரே வீச்சில் அப்பினால் அதன் பாரமே அதை இழுத்துக்கொண்டு வரும்.

தண்ணீர் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சாதாரணச் சிமெண்ட் பூச்சுக்கு ஏழு நாளாவது ஈரம் வேண்டும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். வெயில் காலத்தில் அதற்குப் பதினாலு நாள். பால் கலந்த கலவை என்றால் கணக்கு வேறு, பலவற்றுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஈரம், பிறகு காயவிடச் சொல்வார்கள். டப்பாவில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டாவது.

இவ்வளவும் அடிப்பக்கத்து வேலை. நோய் வந்த வழி மொட்டை மாடி. அங்கே வேப்பிலை அடைத்துத் தண்ணீர்க் குழாய் எத்தனை வருஷமாக மூடிக்கிடந்ததோ தெரியாது. தட்டோட்டின் இணைப்புகள் திறந்துகிடந்தன. அதற்கு மேலே யாரோ இரண்டு அங்குலச் சிமெண்ட் தளம் போட்டு, அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. பாரம்தான் கூடியது. மேல் தளத்தைப் பெயர்த்து எடுத்து, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம் கொடுத்து, ஓடுகளை மாற்றிப் பதித்து, கைப்பிடிச் சுவர் சேரும் மூலையை உருட்டிப் பூசினோம். குழாய் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. நியாயப்படி இதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும். மழை இல்லாத மாசம் என்பதாலும், தலைக்கு மேல் தொங்குவதை முதலில் இறக்கவேண்டும் என்பதாலும் முறையை மாற்றிக்கொண்டேன்.

மச்சின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் அதையும் சுண்ணாம்படித்து மறைக்காதீர்கள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் புகுந்து சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது என்று அர்த்தம். நம் மேற்கு மலைத் தொடரிலேயே இருக்கிற முல்லைப் பெரியாறு அணை 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டியது. சுண்ணாம்பு கரைவது அதற்கும் நெடுநாள் கவலை. 1979-க்குப் பிறகு அதைப் பலப்படுத்தினபோது யாரும் மேலே பூசிவிட்டுப் போகவில்லை. உச்சியில் கான்கிரீட் தொப்பி வைத்து, அடிப்பாறைவரை துளைபோட்டு இரும்பு வடத்தால் இழுத்துக்கட்டி, முதுகுப் பக்கம் கான்கிரீட் அணைப்புக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் பழுதுபார்த்துவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். தூணிலோ உத்திரத்திலோ நெடுக்காக விரிசல் ஓடினால் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சன்ஷேடு, பால்கனி இன்னும் ஆபத்து. அவற்றுக்கு முக்கியக் கம்பி மேல் பக்கத்தில் இருக்கும், மழை விழுவதும் மேல் பக்கத்தில். அடியில் எவ்வளவு அழகாகப் பூசினாலும் மேல் கம்பி போயிருந்தால் ஒருநாள் மொத்தமாக இறங்கிவிடும். 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2000 கோடி ரூபாயில் தமிழக அரசு 2024-ல் திட்டம் அறிவித்தது. நம் சேத்தூர் பேரூராட்சி என்பதால் அது நமக்கில்லை. சுற்றுக் கிராமத்துச் சொந்தக்காரர்கள் யாராவது அதில் வேலை செய்திருந்தால், சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கா வீட்டில் மேற்குச் சன்ஷேடு அந்த ரகம்தான். கம்பி கையோடு உதிர்ந்தது. அதை அறுத்து எடுத்துவிட்டோம். மொத்தச் செலவு 62,000 ரூபாய், மருமகன் அனுப்பினான். "நிக்கும்கா" என்று சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டாள். மாடிக் குழாயை வருஷம் இரண்டு தடவை சுத்தம் செய்தால் பதினைந்து வருஷத்துக்குக் குறையாது என்றேன். "அது போதும். எனக்கு இப்பவே எழுபத்தி நாலு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னாள். சன்ஷேடு இல்லாததால் சாயங்கால வெயில் நேரே கட்டிலில் அடிக்கிறது என்று இப்போது தினமும் புகார். தகரம் ஒன்று அடிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.