பெரியப்பாவின் சனல் 19

என் பெரியப்பா 90களில் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையே ட்ரக் ஓட்டினார். ட்ரக்கில் பழைய சீபி றேடியோ ஒன்று வைத்திருந்தார். எல்லோரிடமும் கைத்தொலைபேசி இல்லாத காலம் அது. முன்னால் விபத்தா, பனியா என்று சாரதிகள் சனல் 19இல் சொல்லிக்கொண்டு போவார்கள். பெரியப்பாவுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். அவர் பேசினால் மட்டும் அநேகமாகப் பதில் வராது. "என்ர இங்கிலிஷ் அவங்களுக்கு விளங்கேல்லப் போல" என்று நினைத்து, கொஞ்ச நாளில் மைக்கை எடுப்பதையே விட்டுவிட்டார்.

போன கோடையில் அந்த றேடியோ எங்கள் பேஸ்மென்டில் அகப்பட்டது. 23 சனல் மட்டுமே உள்ளது. அதாவது, 1977இல் வட அமெரிக்காவுக்கு 40 சனல் வருவதற்கு முந்தியது. றேடியோ திருத்தத் தெரிந்த அண்ணா ஒருவரோடு சேர்ந்து திறந்து பார்த்தோம்.

இந்த வகை றேடியோவின் உள்ளே சின்னச் சின்னக் கிறிஸ்டல்கள் 14 இருக்கும். பொதுவானவை 6, பேசுவதற்கு 4, கேட்பதற்கு 4. பொதுவான ஒன்றின் அலைவரிசையிலிருந்து பேசும் கிறிஸ்டலின் அலைவரிசையைக் கழித்தால் சனல் வரும். சனல் 19க்கு 37.800 - 10.615 = 27.185 மெகாஹேர்ட்ஸ். கேட்கும்போது 10.615க்குப் பதிலாக 10.160 என்ற வேறு கிறிஸ்டல் வேலை செய்யும். ஆகவே ஒன்று பழுதானாலும் மற்றது நன்றாகவே இருக்கலாம்.

அன்டெனாவைக் கழற்றி, 50 ஓம் டம்மி லோட் பூட்டினோம். இரண்டும் இல்லாமல் மைக் பட்டனை அழுத்தினால் ட்ரான்சிஸ்டர் எரியலாம். றேடியோவைக் கொஞ்ச நேரம் சூடாக விட்டு, ஒன்றும் பேசாமல் பட்டனை அழுத்தி அளந்தோம். கருவி 27.1875 காட்டியது. 2.5 கிலோஹேர்ட்ஸ் கூட. அனுமதிக்கப்பட்ட விலகல் 0.005 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1.36 கிலோஹேர்ட்ஸ்தான். சனல் 3, 7, 11, 15 ஆகியவற்றிலும் அதே பிழை. மற்றவை சரி. அந்த ஐந்துக்கும் பொதுவானது 10.615 கிறிஸ்டல் ஒன்றுதான். கேட்கும் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

அதை மாற்றி மறுபடி அளந்ததும் 27.185 வந்தது.

பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அந்தக் காலத்திலும் இதே பிழைதான் இருந்ததா என்று இனி யாராலும் அளக்க முடியாது. ஆனால் இந்த நிலையில் யார் பேசினாலும், ஒன்ராறியோவில் பிறந்தவரே பேசினாலும், மறுபக்கத்தில் குரல் உடைந்துதான் கேட்டிருக்கும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப என்ர இங்கிலிஷ் இல்லையோ?" என்று கேட்டார்.

நம்மில் பலருடைய அம்மா அப்பா, வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் பதில் வராதபோது உச்சரிப்புத்தான் காரணம் என்று நினைத்து நம்மைப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அடுத்த முறை அப்படி நடந்தால், உடனே அவர்களுக்காகப் பேசத் தொடங்காதீர்கள். பழுது எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.