தொட்டுக்க ஒரு இனிப்பு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "நட்பு", "தன்னம்பிக்கை", "நாளைய இந்தியா" போன்ற நல்ல நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது தயிர். சிரிக்காதீர்கள் நண்பர்களே! சென்ற டிசம்பரில் நமது விடுதியில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்தில் விரலை நக்கிக்கொண்டே "இது என்னதுலே?" என்று கேட்டீர்களே, அந்தத் தயிர்தான்.

விருந்து என்றால் வசூல். வசூல் என்றால் லிஸ்ட். கேக், ஐஸ்கிரீம், பாட்டுப் போட ஸ்பீக்கர் வாடகை எல்லாம் கூட்டித் தலைக்கு 150 ரூபாய் என்று எழுதி மெஸ் வாசலில் ஒட்டிவிட்டார்கள். விடுதியில் நாம் 46 பேர். நாலு நாள் கழித்துப் பார்த்தால் 17 பெயருக்கு எதிரே டிக் இல்லை. அந்த 17 பேரில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. "எனக்குக் கேக் சேராது." "அன்னைக்கு ஊருக்குப் போறேன்." "அரியர்ஸ் கிடக்கு, படிக்கணும்." இந்தப் பதில்களுக்கு அர்த்தம் பார்க்க எனக்கு அகராதி தேவையில்லை. எங்கள் வீட்டில் இருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா இரண்டு எருமை வைத்துத் தெருத்தெருவாகத் தயிர் ஊற்றுகிறவள். 150 ரூபாய் என்றால் அது எத்தனை உழக்கு என்றுதான் என் மனசு முதலில் கணக்குப் போடும். டிக் இல்லாத 17 பெயரில் என் பெயரும் ஒன்று.

அன்று இரவு கமிட்டியில் இருக்கும் சிவில் நண்பன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். நடுவில் ஒரு கிண்ணம், அதில் வெள்ளை வெளேரென்று கெட்டியாக ஏதோ ஒன்று, சுற்றிலும் பிஸ்கட்டும் பழத்துண்டுகளும். பெயர் 'டிப்'பாம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விருந்துகளில் வைப்பார்களாம். கிரீம் சீஸில் சர்க்கரையைப் போட்டு அடித்து, ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்துத் தொட்டுத் தொட்டுத் தின்பார்களாம். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தச் சீஸ் விலையைக் கேட்டா மயக்கம் வருது மக்கா" என்றான்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் கட்டித் தண்ணீர் வடிய விட்ட தயிர் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். "இதை நான் பண்ணுதேன். ஆனா அந்த லிஸ்ட்டைக் கிழிக்கணும்" என்றேன்.

"லிஸ்ட் இல்லாம எப்படிலே பார்ட்டி?"

"வீட்ல என்ன கிடைக்கோ அதை அவனவன் கொண்டு வரட்டும். பால் வாங்க மட்டும் ஒரு டப்பா வைப்போம். யார் போட்டா, எவ்வளவு போட்டான்னு யாரும் பார்க்கக் கூடாது."

"ஸ்பீக்கர்?"

"உன் ரூம்காரன் குளிக்கும்போது பாடுறது போதாதா?"

பெரிய வாக்குவாதமே நடந்தது. கேக் இல்லாமல் கிறிஸ்துமஸா என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது; முழுப் பணமும் கட்டினவர்கள் அவர்கள். கடைசியில் லிஸ்ட் கீழே வந்தது. கட்டினவர்களுக்குப் பணம் திரும்பிப் போனது. மாடிப்படிக்கு அடியில், பல்பு எரியாத மூலையில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்தோம். மூன்றாம் நாள் திறந்து எண்ணினால் 612 ரூபாய்!

இனி தயிர் விஷயம். இதில் நான் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எத்தன பேருக்குய்யா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆறு லிட்டர் எருமப்பால் வாங்கு. பசும்பால் வேண்டாம், வடிஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. உறை ஊத்தின பானையைச் சாக்கைச் சுத்தி வையி, மார்கழிக் குளிரு. துணியில கட்டினப்பறம் பிழிஞ்சிராத. அதுவா வடியணும்."

ஏன் பிழியக் கூடாது என்று அவளிடம் கேட்டால் "பிழிஞ்சா திரிதிரியாப் போயிரும்" என்பாள். முதலாண்டு வேதியியலில் பி.எச். படித்தோமே, அதை வைத்து நான் யோசித்துப் பார்த்தேன். பாலின் பி.எச். சுமார் 6.6. உறையில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்ற மாற்ற, அது இறங்கிக்கொண்டே வரும். 4.6 பக்கம் வரும்போது கேசின் என்கிற புரதம் ஒன்றோடொன்று கைகோத்து வலை மாதிரி நிற்கும். தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் தயிர். மெதுவாக வடியவிட்டால் தண்ணீர் மட்டும் வெளியேறும், வலை அப்படியே சுருங்கி வெண்ணெய் போல வழவழப்பாக வரும். அவசரப்பட்டுப் பிழிந்தால் வலை அறுந்து துணி வழியே தயிரும் வந்துவிடும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மா இத்தனையையும் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

டிசம்பர் 20 இரவு பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றினோம். மறுநாள் இரவு, கஞ்சி போகத் துவைத்து வெந்நீரில் அலசிய புது வேட்டியில் தயிரைக் கட்டி, மெஸ் அடுக்களை உத்தரத்தில் தொங்கவிட்டோம். பகலில் கட்டினால் வெயிலுக்குப் புளித்துவிடும். அடியில் அண்டா. சொட்டு… சொட்டு… என்று விழுந்துகொண்டே இருந்தது. பூனைக்குப் பயந்து நாலு பேர் முறை வைத்துக் காவல் இருந்தோம். பரீட்சைக்குக்கூட நாங்கள் அப்படி விழித்ததில்லை. காலையில் மெஸ் அண்ணாச்சி தராசில் நிறுத்தால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்கு மேல் தண்ணீராகவே போயிருந்தது.

இனிப்புக்குச் சர்க்கரை போடுவதாகத்தான் முதலில் திட்டம். "எனக்குக் கேக் சேராது" என்று சொன்னவன் ஒருவன் இருந்தானே, அவனுக்குத் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டு ஊர். சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டு ஒரு ஓலைப்பெட்டியோடு வந்தான். உள்ளே இரண்டு கிலோ கருப்பட்டி. கோடையில் பதநீர் இறங்கும் காலத்தில் காய்ச்சி, அடுப்படிப் பரணில் போட்டு வைத்தது. பெட்டியைத் திறந்ததும் புகைவாசம் ரூம் முழுக்க!

கருப்பட்டியை அப்படியே தட்டிப் போட முடியாது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தக் கசடும் மண்ணும் அடியில் இருக்கும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டுக் கெட்டிப் பாகாக இறக்கினோம். பாகு நன்றாக ஆறின பிறகுதான் தயிரில் ஊற்ற வேண்டும், சூட்டோடு ஊற்றினால் தயிர் பிரிந்துவிடும். எந்த இனிப்பைச் சேர்த்தாலும் தயிர் கொஞ்சம் இளகும். முந்தின இரவே நன்றாக வடியவிட வேண்டிய காரணம் அதுதான். ஏலமும் சுக்கும் பொடித்துப் போட்டு, மத்தால் கடையாமல், கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துக் கலந்தோம். நிறம் இளம் காப்பி நிறம். ருசி… புளிப்பு முதலில் வந்து நிற்கும், கருப்பட்டி பின்னாலேயே வந்து அதைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போகும்.

22-ஆம் தேதி மாலை மேஜை மேல் அண்டாவை வைத்தோம். நாகர்கோவில் பக்கத்து நண்பர்கள் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் தோட்டத்து மட்டிப்பழம் ஒரு தார், இன்னொருவன் பை நிறையக் கொய்யா. ஒன்றும் கொண்டு வர முடியாதவர்கள் பேக்கரி பன்னை வாங்கி வந்து சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கினார்கள். கோபித்துக்கொண்டு போன இருவரும் கையில் ஒரு கேக்கோடு வந்தார்கள், அதையும் வெட்டித் தொட்டுக்கொண்டோம்! என் தீர்ப்பு இது: அச்சு முறுக்குக்கு நிகர் வேறில்லை. அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் தயிர் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பிஸ்கட் நமத்துப்போகும், முந்திரிக்கொத்துக்கு இனிப்பின் மேல் இனிப்பு.

இயற்பியல் சார் ஒரு வாய் தின்றுவிட்டு, "இது ஸ்ரீகண்ட் இல்லையாடா?" என்றார். அவர் முன்பு புனேயில் சில வருடம் இருந்தவர். வடித்த தயிருக்கு மராத்தியில் சக்கா என்று பெயராம், சர்க்கரையும் ஏலமும் சேர்த்தால் ஸ்ரீகண்டாம், பூரிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். "ஆனா கருப்பட்டி போட்டு நான் தின்னதில்லை" என்று இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

அண்டாவுக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு நண்பன் நின்றுகொண்டான். யார் வந்து தொட்டாலும், கேட்காமலே, "எங்கப்பா இறக்கினது, எங்கம்மா காய்ச்சினது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாற்பது தடவையாவது சொல்லியிருப்பான். எட்டு மணிக்குள் அண்டாவைப் பன் துண்டால் வழித்துத் துடைத்துவிட்டார்கள்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"வடிஞ்ச தண்ணியை என்னய்யா பண்ணினிய? கீழ ஊத்திட்டியளா?"

"இல்லம்மா, மெஸ் அண்ணாச்சி சப்பாத்தி மாவு பிசைய எடுத்துக்கிட்டாரு."

"அப்பச் சரி" என்றாள்.