மூன்று எண்கள்

என் காரபைனரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கின்றன: 24, 8, 7. இரண்டு வருஷமாக அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநகரத்துப் பாறைகளுக்குப் போய்வந்த நான் முதல் எண்ணை மட்டும்தான் படித்திருந்தேன். 24 கிலோநியூட்டன்; அதாவது 2400 கிலோவுக்கு மேல். நானும் என் நண்பனும் சேர்ந்தாலும் 140 தேறமாட்டோம். போதும் என்று விட்டுவிட்டேன். ஆங்கில இலக்கியம் படித்தவனின் கணிதம்.

காரபைனர் என்பது ஒரு உலோக வளையம். ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த கதவு. பாறை ஏறுபவன் கயிற்றை எதனோடு இணைப்பதானாலும் இது வேண்டும். குதிரைவீரர்கள் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிக்கொண்ட கொக்கியிலிருந்து வந்த ஜெர்மன் பெயர். அந்த மூன்று எண்களும் ஒரே உலோகத்தின் மூன்று ஸ்திதிகள். முதல் எண், கதவு மூடி, பாரம் நெடுக்கில் முதுகை ஒட்டி விழும்போது. சட்டம் மிகச் சிறிது நீள்கிறது. கதவின் முனை எதிரே உள்ள மூக்கில் மாட்டிக்கொண்டு பாரத்தில் தன் பங்கை ஏற்கிறது. இரண்டாவது, வளையம் திரும்பிப்போய்ப் பாரம் குறுக்கே, கதவின் மேல் விழும்போது. மூன்றாவது, கதவு திறந்திருக்கும்போது: அப்போது அது வளையமே இல்லை, வெறும் கொக்கி, நிமிரத் தொடங்குகிறது. ஈஎன் 12275 என்ற ஐரோப்பியத் தரம் சாதாரண வகைக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 20, 7, 7. மூக்கின் நுனியிலேயே தொற்றிக்கொண்டு பாரம் நின்றுவிடுகிற இன்னொரு நிலையும் உண்டு. அதற்கு எண்ணே பொறிப்பதில்லை. முதல் எண்ணில் பத்தில் ஒரு பங்குக்கே முறிந்துவிடலாம்.

7 என்பதே 700 கிலோவாயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விழுகிறவனின் பாரம் அவன் எடையோடு நிற்பதில்லை. சற்றுக் கடுமையாக விழுந்தால் கயிறு அவனை 5 கிலோநியூட்டனில் பிடித்து நிறுத்தும். கீழே கயிறு பிடிப்பவன் பக்கம், உராய்வு போக, 3 இழுக்கும். மேலே பாறையில் மாட்டிய காரபைனர் கப்பி மாதிரி இரண்டையும் சேர்த்து 8 சுமக்கிறது. அந்தக் கணத்தில் அதன் கதவு திறந்திருந்தால்? திறக்கக்கூடியதுதான். முதுகு பாறையில் மோதினால் கதவு தன் ஜடத்துவத்தால் ஒரு கணம் உள்ளே போய்வரும். காரபைனரை முதுகுப்புறமாக உள்ளங்கையில் அடித்துப் பார்த்தால் அந்த 'க்ளிக்' கேட்கும். கம்பிக் கதவு வைத்தவற்றில் இது குறைவு; கம்பி லேசானது.

இதையெல்லாம் படித்தது பிறகு.

அன்றைக்கு நான் கீழே, அவன் மேலே. என் இடுப்பில் இருந்தது திருகு வைத்த காரபைனர். திருகை ஏற்றி மூடிவிட்டால் கதவு திறக்காது. கிளம்புமுன் "லாக் ஆச்சா?" என்றான். "ஆச்சு" என்றேன். மூன்றாவது போல்ட்டைத் தாண்டியதும் அவன் கால் வழுக்கியது. இரண்டு மீட்டர் போல விழுந்து, தொங்கி, சிரித்தான். கயிறு இறுகியிருந்த அந்த நேரத்தில்தான் குனிந்து பார்த்தேன். காரபைனர் குறுக்கே திரும்பிக் கிடந்தது. திருகு கதவின் அடியிலேயே இருந்தது. நான் அதைத் தொட்டிருக்கவே இல்லை.

உடைந்திருக்காது. என் பக்கம் வந்த பாரம் 8-ஐ எட்டக்கூடியதல்ல. ஆனால் உடைய வேண்டியதில்லையே. காரபைனர் இன்னும் ஒருமுறை புரண்டு, ஹார்னஸின் பட்டை கதவை வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தியிருந்தால் கதவு உள்ளே மடங்கி எல்லாம் கழன்றிருக்கும். அந்தக் கதவைத் திறக்க ஒரு விரலின் பலம் போதும்.

என்னை உறுத்துவது அந்த "ஆச்சு". பொய் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. கேள்வி வந்தது, பதில் வந்தது. எங்கள் கிளையில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் நின்றால்தான் திறக்கும். அந்த ஏற்பாட்டின் அவநம்பிக்கையைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன். பாறை ஏறுபவர்களிடமும் அதே ஏற்பாடு உண்டு: ஒருவர் முடிச்சையும் கதவையும் மற்றவர் கையால் தொட்டுப் பார்ப்பது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லாக்கிச் சுருக்கிவிட்டோம். ('வலுவான கவிதை' என்று எத்தனை மதிப்புரைகளில் எழுதியிருக்கிறேன்! பாரம் எந்தப் பக்கம் விழுந்தபோது என்று ஒருவரும் கேட்டதில்லை.)

அவன் பிடி கிடைத்துப் பாறையில் நின்று, கயிறு தளர்ந்ததும், வலது கை கயிற்றை விடாமல் இடது கையால் காரபைனரைத் திருப்பித் திருகை மூடினேன். மேலே தெரியவில்லை. இறங்கி வந்து, நன்றாகப் பிடித்தேன் என்று டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நான்கு மாதமாகிறது. சொல்லவில்லை. அவனும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவன்தான். இப்போதெல்லாம் திருகிய பிறகு கதவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். கயிற்றை ஒருமுறை இழுத்து, பாரம் நெடுக்கில் விழுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். "என்னய்யா, பூஜை முடிஞ்சுதா?" என்கிறான், பாறையில் கை வைத்தபடி.